குப்பை லாரிக்கும் ஒரு பொட்டு

இந்த நாட்டில் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு லைப்ரரியில் புத்தகம் இரவல் வாங்கத் தனியாக ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். சீட்டில் அவள் பெயர்தான் இருக்கும். என் பெயரோ அவளுடைய அப்பா பெயரோ இருக்காது. ஊரில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். விராலிமலையில் நான் படித்த பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரியில் பூட்டு ஒன்று தொங்கியது. சாவி யாரிடம் என்று வாத்தியாருக்கே தெரியாது. இங்கே, இங்கிலாந்தின் நடுவில் புகையடித்துக் கறுத்த ஒரு தொழிற்சாலை ஊரில், என் மகள் செல்வி இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மேஜைக்கு எட்டாத கையை உயர்த்தி அந்தச் சீட்டை நீட்டுவாள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் குனிந்து வாங்கிக்கொள்வாள். செல்வி கேட்பது எப்போதும் ஒன்றுதான், வண்டிப் புத்தகம். இளவரசி, முயல்குட்டி எதுவும் அவளுக்கு ஆகாது. பக்கத்துக்கு ஒரு வண்டி, அடியில் ஒரு வரி எழுத்து, அது போதும். "பெண் குழந்தைக்கு லாரியா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் சிரித்தாள். "எங்கள் குடும்பத் தொழில்" என்றேன். லாரிக் கம்பெனி முதலாளிகள் என்று நினைத்துவிட்டாள் போலும், கொஞ்ச நாளைக்கு எனக்குக் கிடைத்த மரியாதையே தனி.

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் ஒரு கடலை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். மரப்பலகை அடித்த பழைய லாரி. முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றினால்தான் கிளம்பும். திருச்சிக்கும் மதுரைக்குமாக மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடும். ஆயுத பூஜையன்று அதைக் கண்மாயில் கழுவி, வாழைக்கன்று கட்டி, எங்கள் வீட்டு வாசலில் நிறுத்துவார். பொட்டு வைப்பது என் வேலை. சந்தனக் கிண்ணத்தோடு என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல வெளக்கு ரெண்டுக்கும் வைய்யி ஆத்தா, அதுக்குத்தான் பாதை தெரியணும்" என்பார். பிறகு ஸ்டீயரிங், சக்கரங்கள், கடைசியில் ஹார்ன். அதே நேரம் வீட்டுக்குள் என் பள்ளிக்கூடப் புத்தகங்களும் சந்தனப் பொட்டோடு பூஜையில் இருக்கும். மறுநாள்வரை அவற்றைத் தொடக் கூடாது என்பதால் எனக்கு அது இரட்டைத் திருவிழா.

போன அக்டோபரில் ஆயுத பூஜையை நாங்கள் குடியிருக்கும் ஒற்றை மாடியறையில் கொண்டாடினோம். என் கணவர் குளத்தூர்க்காரர். இங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை. அவருடைய ஸ்பேனர், என் கத்தரிக்கோல், அவர் ராத்திரி வகுப்புக்குப் படிக்கும் புத்தகங்கள், எல்லாவற்றையும் ஒரு பலகையில் அடுக்கிப் பொட்டு வைத்தேன். செல்வியின் லைப்ரரிப் புத்தகத்தையும் மேலே வைத்தேன். பிறத்தியார் பொருள் என்று அதற்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை. பூஜை ஏன் என்று அவள் கேட்க, தாத்தா லாரியின் கதையைச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன். கீழே எல்லாருக்கும் பொதுவான சமையலறை. சுண்டலை இறக்கிக்கொண்டு மேலே வந்தால், பிள்ளை புத்தகத்தை விரித்துப் போட்டு, விரலை எச்சில்படுத்திக் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இதுக்கு மட்டும் ஏம்மா வைக்கல? பாவம்ல?"

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். பக்கத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் முன் விளக்கு இரண்டுக்கும் இரண்டு பொட்டு, அதன் பிறகே சக்கரம். பால் வண்டி, நிலக்கரி லாரி, இரண்டு மாடி பஸ், ரோடு ரோலர் என்று எதையும் விடவில்லை. குப்பை லாரியைக்கூட விடவில்லை. விராலிமலையைக் கண்ணால் பார்க்காத பிள்ளை! துணியால் துடைத்துப் பார்த்தேன், சிவப்பு இன்னும் பரவியது.

"என்ன பண்றது இப்ப? பஸ்ஸுல தொலைச்சுட்டோம்னு சொல்லிருவோமா?" என்றார் கணவர்.

"பொய் சொல்றதுக்கா பூஜை போட்டோம்? நானே கொண்டு போய்க் குடுக்குறேங்க" என்றேன்.

லைப்ரரி அம்மாள் புத்தகத்தைத் திறந்ததும் முதலில் பயந்தாள். "குழந்தைக்கு அடிபட்டதா?" என்று கேட்டாள். ரத்தம் என்று நினைத்திருக்கிறாள். இல்லை, இது குங்குமம், எங்கள் கருவிகளுக்கு ஒரு திருநாள் உண்டு என்றேன். "ஓ, லாரியின் பிறந்தநாளா?" என்றாள். இல்லை, நமக்காக உழைப்பதால் அதைக் கும்பிடுகிறோம் என்றேன். அவள் குழம்பிப்போய்ப் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டாள். அவருக்கு விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. இந்த நாட்டு வழக்கப்படி பிள்ளை 'சாரி' சொல்ல வேண்டும். சொன்னால் சீட்டு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. செல்வி என் புடவையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தைதான், சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பாள். புதிய புத்தகம் வாங்கிக் கொடுக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சீட்டு போனால் பனிக்காலம் முழுவதும் அந்த ஒற்றை அறையில் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

"புத்தகம் உங்களுடையது, கெட்டுப்போய்விட்டது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், விலையும் கட்டுகிறோம். என் மகள் கேட்கமாட்டாள். அவள் கிறுக்கவில்லை, கும்பிட்டாள்" என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு திருத்தமாக வந்தது என்று தெரியவில்லை. அதிகாரி சீட்டை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். வீடு திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். நாங்கள் வாழ வந்த நாட்டில் என் பிள்ளை முதன்முதலாக மன்னிப்புக் கேட்பது பொட்டு வைத்ததற்காகவா இருக்க வேண்டும்?

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் சீட்டு வேண்டும்; அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சீட்டு தேவையில்லை என்று சுவரில் எழுதியிருந்தது. அடுத்த சனிக்கிழமையே போய் உட்கார்ந்தோம். மழையிலும் போனோம், பனியிலும் போனோம். கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பேன், விளக்கை அணைக்கும்போதுதான் எழுந்திருப்பேன். வண்டிப் புத்தகங்களைத் தமிழில் படித்துக் காட்டுவேன், கொஞ்சம் உரக்கவே. அந்த அதிகாரி எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு போவார்.

மற்ற நாட்களுக்கு என்ன செய்வது? நானே ஒரு புத்தகம் போடுவது என்று முடிவெடுத்தேன். சட்டைப் பெட்டி அட்டைகளை வெட்டினேன். வரையத் தெரியாதே என்று என் கணவர் கேலி செய்தார். உண்மைதான், முதலில் போட்ட மாடு ரோடு ரோலர் மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டு மறுபடி வரைந்தேன். பின்னால் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு புகைவிட்டு ஓடிய அந்தக் காலத்துப் பஸ், மாட்டுச் சந்தைக்குப் போகும் வண்டி, கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடும், ஐஸ் ஒழுக ஒழுக மீனும் ஏற்றி வந்த வேன், கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கடலை லாரி. எல்லாவற்றுக்கும் விளக்கில் பொட்டு உண்டு.

தை மாதமும் பிறந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை கண்ணாடி அம்மாள் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் அந்தப் பொட்டு வைத்த புத்தகம். தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறாள். நாங்கள் விலை கட்டியாகிவிட்டதால் அதை எங்களிடமே கொடுத்துவிடலாம் என்று அதிகாரியிடம் பேசியிருக்கிறாள். குப்பை லாரிப் பக்கத்தை விரித்து, "இதற்குக்கூடவா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அதுவும் உழைக்கிறதே" என்றேன்.

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, சீட்டைக் கொண்டுவந்து செல்வியின் கையில் வைத்தாள். 'சாரி' பற்றி யாரும் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அன்று சாயந்திரம் என் புத்தகத்துக்குக் கடைசித் தையல் போட்டுச் செல்வியிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். தாத்தா லாரியைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அட்டையைத் திருப்பி, உள்ளே எதையோ தேடினாள்.

"தேதி எங்கம்மா? இத எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

"குடுக்க வேணாம் ஆத்தா. இது நம்மளது."

அவள் நம்பவில்லை. திருப்பிக் கொடுக்காவிட்டால் சீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும், பார்த்தவள் அவள். அடுத்த முறை லைப்ரரியில் எடுத்த புத்தகத்தோடு நான் தைத்ததையும் மேஜைமேல் வைத்தாள். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை விடுவதாக இல்லை. கடைசியில் அந்த அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை என் அட்டைக்குள் ஒட்டி, அப்பாவின் லாரிக்கு எதிர்ப்பக்கத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியை முத்திரை குத்திக் கொடுத்தாள். செல்வி நிம்மதியாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து விராலிமலை எங்களுக்கு இரண்டு வாரம் இரண்டு வாரமாக இரவல் கிடைக்கிறது. நானும் ஒரு தவணைகூடத் தவறாமல் போய் எடுத்து வருகிறேன்.