மறுபக்கத்துக்கு இன்னொரு கேன்

இசைத்தட்டின் துளை நடுவில் இல்லாவிட்டால் மேல்முறையீடு செய்ய இடமில்லை. மயிரிழை விலகியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஊசி உள்ளே வெளியே என்று ஆடும். நீளமாகப் பிடித்த சுரம் குடித்தவன் நடைபோலத் தள்ளாடும். என்னிடமுள்ள புல்லாங்குழல் தட்டு அந்த வகை.

விலை உயர்ந்த சில இயந்திரங்களில் இதற்கென்றே இரண்டாவது கை ஒன்று உண்டு. அது தட்டின் கடைசிப் பள்ளத்தைத் தொட்டு விலகலை அளக்கும். அடியிலுள்ள மோட்டார், தட்டு இருக்கும் மேடையையே நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரும். தனியாக இருப்பவனுக்காகவே யோசித்துச் செய்தது போலிருக்கிறது. என் ஓய்வூதியம் அதைப் பற்றிப் படிக்க மட்டும் போதும்.

எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது கை என் மனைவி. துளையைச் சற்றுப் பெரிதாக்கி வைத்திருந்தேன். நான் குனிந்து ஊசியின் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வேன். தட்டை நிறுத்தி, அவள் விளிம்பை விரலால் தள்ளுவாள்.

"ஊரு நெலத்தையெல்லாம் அளந்தவரு, ஒரு ஓட்டைக்கு நடு பாக்க என்னைக் கூப்புடுறாரு" என்பாள்.

அவள் இப்போது இல்லை. என் விரல் நடுங்குகிறது. தொட்டால் தட்டு எங்கோ போய்விடுகிறது. செய்முறை முழுவதும் தெரியும், செய்ய ஆளில்லை.

போன வாரம் கே.ஜி.கண்டிகையிலிருந்து தண்ணீர் கேன் கொண்டுவருபவரைக் கேட்டேவிட்டேன்.

"இன்னா சார், தோசக்கல்லு மாரி சுத்திகினு கீது?"

"நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் லேசாத் தள்ளுங்க. கேன் இல்ல இது, லேசா."

"ஆங். போதுமா?"

சுழலவிட்டேன். ஊசியின் ஆட்டம் நின்றிருந்தது. குழல் நேராக வந்தது. அவர் காலி கேனைத் தோளில் வைத்தபடி கொஞ்சம் நின்றார்.

"நல்லாத்தான் கீது. எங்க நைனா கேட்டா தூங்கிடுவாரு சார்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

பாட்டு முடிந்து தட்டைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கம் தள்ளாடியது. அது வேறு அச்சில் வார்த்தது. அதன் விலகலும் வேறு. மறுபடி நடு பார்க்க வேண்டும். பாட்டுக் கேட்க வாருங்கள் என்று அவரைக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்கக் காரணம் எழுதாமல் யாரையும் அழைத்ததில்லை.

மறுநாள், திருத்தணி வெயிலில் செம்பருத்தி வாடுகிறது என்று எனக்கு நானே ஒப்புதல் அளித்துக்கொண்டு கேன் முழுவதையும் அதற்குச் சாய்த்தேன். பிறகு போன் செய்தேன்.

"நேத்துதான சார் போட்டேன்? வூட்டுக்கு யார்னா வராங்களா?"

"ஆமா, வராங்க" என்றேன்.

மறுபக்கத்தை மேலாக வைத்துவிட்டு, கீழே வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்தேன்.