ஒரு தடவைதான் கூப்பிட்டேன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். தியாகதுருகத்தில் பள்ளிக்கூட டீச்சர், அதுவும் அறிவியல் பாடம் எடுக்கிறவள். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததை எழுதுகிறேன்.

என் பெரிய மகள் கோமதிக்கு மெட்ராஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பெண்கள் விடுதியில் சேர்க்க நானே கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஆறு மணி நேரமும் புத்திமதிதான். விடுதி முகவரியை இரண்டு இடத்தில் எழுதி வைத்துக்கொள், காய்ச்சின தண்ணீர்தான் குடிக்க வேண்டும், வழி கேட்பதானால் கடைக்காரரிடம் கேள், தெருவில் போகிறவனிடம் கேட்காதே, ஆபீஸில் போய் 'கீது', 'வூடு' என்று பேசாதே, சிரிப்பார்கள்.

"ஏம்மா, மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரரே கீதுன்னுதான் சொல்றாரு" என்று கேலி செய்தாள்.

கடைசியாக ஒன்று சொன்னேன். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்குக் கதவைத் திறக்காதே, இரண்டாம் தடவை கூப்பிடட்டும். எங்கள் பக்கத்தில் காத்து கருப்பு ஒரு தடவைதான் கூப்பிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, தனியாக இருக்கிற பெண், குரலை அடையாளம் கண்டு திறக்கட்டுமே என்றுதான் சொன்னேன்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று நாளாகக் காய்ச்சலாம், கண் மஞ்சளாக இருக்கிறதாம், நீ வாம்மா என்று எழுதியிருந்தாள். மறுநாள் விடிந்தால் இடஒதுக்கீட்டுப் போராட்டம், மறியல், வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு பஸ் ஓடவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"மெட்ராசுக்கு நடந்தா பூடுவ?" என்றார் என் கணவர். "ரோடு பூரா மரம் கீது. ஜுரந்தான டீச்சரம்மா, ஆசுபத்திரி இல்லாத ஊரா அது?"

நின்றுவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ஆட்டுக்கல்லுக்குள், முடி கண்ணில் விழுந்து உறுத்தியது. பழக்கதோஷம், உரக்கக் கூப்பிட்டுவிட்டேன்: "கோமதி, கையெல்லாம் மாவு கீது, வந்து இந்த முடிய ஒதுக்கி வுடு." சொன்ன பிறகுதான் அவள் இங்கே இல்லை என்பது உறைத்தது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை அரைத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பஸ் விட்டார்கள். விடுதியில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தந்தி கொடுத்தோம், வரவில்லையா என்று கேட்டார்கள். நான் மாவு அரைத்த அன்று சாயந்தரமே அவள் போய்விட்டாள்.

அவளோடு அறையில் இருந்தவள் மேரி, நாகர்கோவில் பக்கத்துப் பெண். நான் வாயைத் திறந்து பேசியதும் அவள் முகம் வெளுத்தது.

"இதே குரல்தான்" என்றாள். "அன்னைக்கு மத்தியானம் கதவுக்கு வெளிய கேட்டுச்சு. நீங்க வந்துட்டீங்கன்னு எந்திரிச்சேன். கோமதி என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'இரு மேரி, இன்னொரு தபா கூப்புடுவாங்க'ன்னா."

"இன்னான்னு கூப்ட்டேன்?"

சொன்னாள். மாவு, முடி, அந்தக் 'கீது' உட்பட ஒரு சொல் மாறவில்லை.

"கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்து பாத்தேம்மா, ஆளக் காணல. அவ சாயந்தரம் வரைக்கும் கதவையே பாத்துட்டுக் கிடந்தா."

காய்ச்சலில் பிள்ளை ஏதோ பிதற்றியிருக்கும் என்கிறார் என் கணவர். மேரிக்குக் காய்ச்சல் இல்லையே.

பிணவறையில் அழுதபோதுகூட 'என் தாயே, என் தங்கமே' என்றுதான் அழுதேன். அவள் பெயரை எழுதிக் காட்டுவேன், படத்துக்குப் பூ வைப்பேன். வாய்விட்டு மட்டும் இன்றுவரை சொன்னதில்லை. சொன்னால் அது இரண்டாம் தடவை ஆகிவிடும்.