வாசற்படியில் வைத்த வெற்றிலைத் தட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை நாள் ஒன்றில், எஹலியகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது. விடியும் முன்பே பிடித்த மழை விடவே இல்லை. ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் மழைத்தண்ணீர் சிரட்டையில் விழுந்து பாலைக் கெடுத்துவிடும். அதனால் மழை நாள் என்றால் எங்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் படம்தான்.

லயத்திலேயே பெரிய டீவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் என் மகன் வாங்கியது. போயா நாள், கடை பூட்டு, அவனும் வீட்டில் இருந்தான். பத்துக்குப் பத்து அடிக் காம்பராவில் பாதி லயம் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் அடுப்படி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து, அரிசி பொறுக்கிக்கொண்டே பார்த்தேன்.

அது ஒரு காதல் படம். நகைச்சுவைப் படம். ஆனால் காதலிப்பது சின்னஞ்சிறுசுகள் இல்லை. மனைவியை இழந்த ஒரு அறுபது வயது ஆள், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஒரு விதவை அம்மாவை விரும்புகிறார். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதாம். தலைமுடி தார் போல, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் அப்படி இருக்க வேண்டுமானால் பிறந்ததிலிருந்து வெயிலே படாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மாடி வீடு. இந்த மாடியில் அவர் காபி குடிப்பார், அந்த மாடியில் அந்த அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகளே ஓடிப்போய் அம்மாவுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள்.

எங்கள் காம்பராவில் ஒரே கைதட்டல். என் மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “பாவம் அந்தம்மா, இந்த வயசுலயாச்சும் ஒரு தொணை கெடச்சிச்சே” என்றாள். என் மகன் சாரத்து முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் படத்தை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரு தைரியம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. அவர் இருந்தவரை என் பால் வெட்டும் கத்தியை அவர்தான் தீட்டித் தருவார். அந்தக் கத்தி மழுங்கினால் பட்டை சீவாது, மரத்தைக் காயப்படுத்தும். மரம் காயப்பட்டால் கங்காணி மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசுவார். வீட்டுக்காரர் போனபிறகு நானே தீட்டி, நானே ஏச்சு வாங்கி, எப்படியோ ஓட்டினேன். ஒரு நாள் பால் அளக்கும் இடத்தில் வரிசையில் நின்றபோது, அங்கே பால் அளக்கிறவர் என் வாளியோடு கிடந்த கத்தியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். தன் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் கத்தி திரும்பி வந்தபோது மயிரை வைத்து ஊதினால் அறுந்துவிடும் போல இருந்தது. அதிலிருந்து தினமும் கத்தியை அங்கே வைத்துவிட்டு வருவேன், காலையில் தீட்டியிருக்கும். அவரும் மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. எங்களுக்குள் காபியும் இல்லை, மாடியும் இல்லை. ஒரு கத்திதான்.

ஒரு நாள் அவராகவே, “நான் மொறப்படி வந்து கேக்குறேங்க. நீங்க வீட்ல சொல்லி வைங்க” என்றார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் போயா நாளில், ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்ததும், இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன்.

எல்லோரும் எழுந்து போனபிறகு டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு நேராகவே சொன்னேன். “வர்ற ஞாயித்துக்கெழம பால் அளக்குறவரு தட்டோட வராரு. என்னய கேட்டுத்தான் வராரு.”

மருமகளுக்கு டீ புரையேறிவிட்டது. என் மகன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “அம்மா படத்த பாத்துட்டு ஒரு மாதிரி ஆயிட்டாங்க” என்றான். நான் சிரிக்கவில்லை. “எனக்குத்தான்டா, நெசமாத்தான் சொல்றேன்” என்றேன். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். பிறகு மகனே ஒரு முடிவுக்கு வந்தான். அந்த மனிதருடைய அக்கா மகன் டவுனில் திரீவீல் ஓட்டுகிறான், அவனுக்குத் தங்கச்சியைக் கேட்டுத்தான் வருகிறார்கள் என்று. தங்கச்சி என்றால் என் இளைய மகள், கார்மெண்டில் வேலை செய்கிறவள். அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தாய் வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொன்னால், அது பகிடியாகத்தான் இருக்க வேண்டும் என்று வீடே முடிவு செய்துவிட்டது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு தடவை சொல்லியாயிற்று, இனி ஞாயிற்றுக்கிழமை அவர்களே காதால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு அமர்க்களப்பட்டது. பக்கத்துக் காம்பராவில் உட்காரக் கதிரைகள் வாங்கி, முன்திண்ணையான இஸ்தோப்பில் போட்டார்கள். மகளுக்குச் சேலை கட்டிவிட்டார்கள். நானோ அடுப்படியில் புகைக்குள் உட்கார்ந்து வடை சுட்டுக்கொண்டிருந்தேன். தன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தானே வியர்த்து வடிந்து வடை சுட்ட ஒருத்தி உலகத்தில் நான் மட்டுமாகத்தான் இருப்பேன். மகள் உள்ளே வந்து காதோடு காதாக, “அம்மா, நெசமாவா?” என்றாள். “நெசந்தான்” என்றேன். அவள் தன் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி என் முந்தானையில் முடிந்துவிட்டுப் போனாள்.

அவரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். தனியாக வந்து பெண் கேட்கக் கூடாது, தன் வாயால் தனக்கே கேட்கவும் கூடாது என்பதால் மாவனல்லையிலிருந்து அக்காவை வரவழைத்திருந்தார். கையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, தேங்காய், வாழைப்பழம் வைத்த தட்டு.

எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தால், பேசச் சம்மதம் என்று அர்த்தம். பேசி முடித்து, வீட்டுக்குப் பெரியவர் அதிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டால் காரியம் முடிந்தது. பிடிக்கவில்லை என்றால், அப்படியே தட்டை எடுத்து அவர்கள் கையிலேயே மரியாதையாகக் கொடுத்துவிட வேண்டும். என் மகன் தட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகள் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா டீயை வாங்கிக்கொண்டு சொன்னார். “புள்ள லச்சணமா இருக்கு தம்பி. மகராசியா இருக்கட்டும். ஆனா நாங்க வந்தது உங்க அம்மாவ கேட்டுங்க.”

பக்கத்துக் காம்பராவில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது. லயத்துச் சுவருக்குக் காது இருப்பது எங்களுக்குப் புதிதில்லை. மருமகள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் முகம் கறுத்துவிட்டது.

“இந்த வயசுல வெக்கமா இல்ல ஒங்களுக்கு?” என்று அவரைக் கேட்டான்.

அவர் எழுந்து நின்று சொன்னார். “வெக்கப்படுற காரியமா இருந்தா பொறவாசல்ல வந்திருப்பேன் தம்பி. மொறையா முன்வாசல்ல வந்திருக்கேன்.”

மகன் விடுவிடுவென்று உள்ளே போனான். சாமி படத்துக்கு முன்னால் தானே வைத்த தட்டைத் தானே தூக்கினான். அவர்கள் கையில் கூடக் கொடுக்கவில்லை. வெளியே கொண்டுபோய் வாசற்படியில் வைத்தான். தூறிக்கொண்டிருந்தது. தேங்காய் உருண்டு மழைத்தண்ணீர் ஓடும் காணுக்குள் விழுந்தது. வெற்றிலை நனைந்தது. லயத்து இஸ்தோப்பு முழுக்கத் தலைகள். அன்றைக்கு எங்கள் டீவியைப் பார்த்துக் கைதட்டிய அதே தலைகள்.

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். கை முழுக்க மா.

“அப்பா பேர கெடுக்காதம்மா. ஊரு என்னா சொல்லும்?” என்றான் மகன்.

“எந்த ஊருடா? போயா அன்னிக்கு இங்கன ஒக்காந்து அழுதிச்சே, அந்த ஊரா? நீயுந்தானடா அழுத?”

“அது படம்மா!” என்று கத்தினான்.

அந்தச் சொல்லுக்குத்தான் எனக்கு வந்தது ஒரு கோபம்! என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. புருஷன் செத்தபோது கடவுள் மேல் வந்த கோபம் கூட இதற்குக் கிட்ட வராது. யாரோ முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்த ஒரு பொம்பளைக்குத் துணை கிடைத்தால் கண்ணீர் வருகிறது. பெற்று, வளர்த்து, விடிகாலையில் மலை ஏறி இறங்கி மரம் மரமாகப் பால் வெட்டிப் படிக்கவைத்த பொம்பளைக்கு என்றால் மானம் போகிறதாம். மாடி வீட்டு அம்மாவுக்கு வந்தால் காதல், லயத்து அம்மாவுக்கு வந்தால் கூத்து. இதையெல்லாம் அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுதால் தோற்றுவிடுவேன் என்று மட்டும் தெரிந்தது.

அவர் குனிந்து தட்டை எடுக்கப் போனார். “வைங்க” என்றேன்.

போய் அந்த நனைந்த படியிலேயே உட்கார்ந்தேன். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தேன். முந்தானையில் துடைத்தேன், காம்பைக் கிள்ளினேன், சுண்ணாம்பு தடவினேன், பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டேன். அவசரப்படாமல், எல்லோரும் பார்க்கும்படி மென்றேன். வீட்டுக்குப் பெரியவர் செய்ய வேண்டியதுதானே அது? அந்த வீட்டுக்குப் பெரியவள் நான்தான். எங்கள் தோட்டத்தில் எந்தப் பொம்பளையும் தன் சம்மதத்துக்குத் தானே வெற்றிலை எடுத்ததில்லை, அதுவும் தாலி அறுத்தவள். அவருடைய அக்கா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் ஒரு வெற்றிலை எடுத்தார். காணுக்குள் கிடந்த தேங்காயை என் மகள் இறங்கிப் போய் எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.

அடுத்த மாதம் டவுனில் பதிவு. மகன் வரவில்லை. மகள்தான் கூட வந்தாள். பதிவு செய்கிற சிங்கள அம்மா எங்களைப் பார்த்துவிட்டு என் மகளிடம், “மனமாலி கோ?” என்று கேட்டார். பொண்ணு எங்கே என்று. எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. “மம தமயி” என்றேன் கொஞ்சம் சத்தமாகவே, நான்தான் என்று. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். எழுந்து, தன் கையாலேயே ஒரு கதிரையைத் தூக்கி வந்து மேசைக்கு முன்னால் போட்டு, உட்காருங்கள் என்றார். பெற்ற மகன் செய்யாததை முன்பின் தெரியாத ஒருத்தி செய்தாள். அங்கேதான் நான் அழுதேன்.

இப்போது நாங்கள் கீழ் லயத்தில் இருக்கிறோம். கத்தி தினமும் காலையில் தீட்டியிருக்கிறது. மகன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயிலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். போன மாதம் நல்ல மழை, வேலை இல்லை. மேல் லயத்திலிருந்து டீவி சத்தம் வந்தது. அதே படம். கடைசியில் அதே கைதட்டல். என் மகன் சாரத்து முனையை எடுத்திருப்பான் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

படத்து அம்மாவுக்கு அழுகிறவன் தன் அம்மாவுக்கு ஒரு வெற்றிலை எடுக்கவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்பதும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தட்டை நோக்கி என் கையை நீட்ட வைத்தது அந்தக் கோபம்தான்.