விளக்கு வைக்கும் நேரத்துச் சத்தம்

வில்லியனூரில் கேமரா மாட்டுவது என் தொழில். கடை, கல்யாண மண்டபம், ரைஸ் மில் என்று எங்கே கூப்பிட்டாலும் ஏணியோடு போவேன். சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மற்றவர்கள் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. மாட்டுகிறவனுக்குத்தான் எங்கே மாட்டுவார்கள் என்று தெரியும் என்பது ஜனங்களின் எண்ணம். ஜவுளிக்கடையில் உடை மாற்றும் அறை, பங்காளிகள் பாகம் பேச உட்காரும் கூடம் என்று பல இடங்களில் விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். லென்ஸ் இருந்தால் ஒரு புள்ளி மினுங்கும். பெரும்பாலும் மினுங்கியது ஸ்குரூதான்.

இதற்காக ஆன்லைனில் ஒரு கருவியும் வாங்கினேன். சிக்னல் அனுப்புகிற எதைக் கண்டாலும் கத்தும். வாங்கிய அன்று வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் கத்தியது. உங்கள் சட்டைப் பையில் ஃபோன் இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அதன்பிறகு அவளிடம் என் திறமையைப் பற்றிப் பேசுவதில்லை.

பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போகிற வழியில் ஒரு வீடு. புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் அவன் பெண்டாட்டியும் அம்மாவும் மட்டும். கேட்டுக்கு மேலே இருந்த கேமரா நான் மாட்டியதுதான். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் திருடனுக்காகக் கேமரா கேட்பார்கள். திருடன் வராத நேரத்தில்தான் அதிகம் பார்ப்பார்கள். எனக்கு அந்த மாதிரி ஆட்கள் மேல் மரியாதை கிடையாது, வேலை மட்டும் செய்து கொடுப்பேன்.

அந்தப் பெண் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை வரச் சொன்னாள். வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். பாகூர் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு தையல் கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு முறை இடம் பார்த்தாள். இரண்டு முறையும், அவள் அட்வான்ஸ் கொடுக்கப் போவதற்கு முன்பே இடத்துக்காரருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஃபோன் வந்து, இடம் இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது மூன்றாவது இடம். மறுநாள் காலையில் அட்வான்ஸ்.

"இதுவும் போச்சுன்னா அவ்ளோதாண்ணா. அப்புறம் பாகூர்ல எவனும் எனக்கு எடம் குடுக்க மாட்டான். அந்தக் கேமரால பேசறது கேக்குதா?"

கேட்காது, அதில் மைக் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. விஷயம் வெளியே போகாமல் இருக்க வேண்டியதெல்லாம் செய்துவிட்டிருந்தாள். இடத்துக்காரரோடு பேசுவதென்றால் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போவாள். வீட்டுக்குள் ஃபோனை அரிசிப் பானையில் போட்டு மூடிவிடுவாள். டிவி மேல் துண்டு போட்டிருந்தாள். அதற்குப் பிறகும் விஷயம் போயிற்று என்றால், மிச்சம் ஒருவர்தான். மாமியார்.

மாமியாருக்கும் ஒரு நியாயம் இருந்தது. மகன் தன்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, அவ கடை பாக்குறாளாமே" என்று கேட்ட பிறகுதான் அந்தம்மாவுக்கே கடை விஷயம் தெரியும். மருமகள் தன்னிடம் மறைத்து மகனிடம் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இருவருக்கும் பல மாதமாகப் பேச்சு இல்லை. ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு கொதித்தது.

கருவியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். தையல் மெஷின், ஸ்விட்ச் போர்டு, கடிகாரம், ஃபேன். அது அரிசிப் பானையைப் பார்த்து மட்டும் கத்தியது. ஃபோனை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு எங்கேயும் கத்தவில்லை. எல்லாம் பார்த்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

கிளம்பும்போது பேச்சுக்குக் கேட்டேன். "வூட்டுல வேற எதுனா சத்தம் வருதாம்மா?"

அவள் யோசித்தாள். "சாமி பொட்டிதான். சில நாளு வெளக்கு வெக்கிறப்போ டிக் டிக்டிக் டர்ர்ருன்னு சத்தம் வரும். எங்கம்மாகிட்ட சொன்னன். சாமி ஒன் கொறைய கேக்குதுடின்னாங்க."

பூஜை அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி, ஓம் நமசிவாய என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. போன லீவில் மகன் அம்மாவுக்கு வாங்கி வந்தது. நிறுத்தவே கூடாது என்று சொல்லியிருந்தான். இவள் மாலையில் விளக்கேற்றி, பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எந்தக் கடை, யார் இடம், எப்போது அட்வான்ஸ் என்று வாய்விட்டு வேண்டிக்கொள்வாள்.

"சத்தத்த ஏம்மா கொறைக்கிற?"

"நான் சொல்றது சாமிக்குக் கேக்க வேணாமா?"

அவள் சொன்ன டிக்டிக் சத்தம் எனக்குப் பழக்கமானது. பக்கத்தில் ஃபோன் சிக்னல் ஓடினால் ஸ்பீக்கர் அப்படித்தான் இரையும். யாரும் கூப்பிடாதபோது அந்த மாதிரிச் சாதனம் தூங்கிக்கொண்டிருக்கும், கருவி கத்தாது. அலமாரியில் கை வைக்கப் போனேன். அதுவரை கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வந்தார்.

"நீ மாதா கோயில் பக்கத்து வேதக்காரங்க வூட்டுப் புள்ளதான? கறி தின்னுட்டு சாமிய தொடாத."

"தவக்காலம்மா. எங்க வூட்டுலயும் வெள்ளிக்கெழம கறி இல்ல."

"அப்போ கையக் கழுவிக்னு தொடு."

கழுவிவிட்டுத் தொட்டேன். சாமியை நிறுத்தக் கூடாது என்றதால், பாடப் பாடவே பெட்டியின் முதுகைக் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகத்தளவு ஒரு பலகை, சின்ன மைக், சிம் கார்டு. இந்த சிம்முக்கு எங்கிருந்து கூப்பிட்டாலும் மணி அடிக்காமல் தானே எடுத்துக்கொள்ளும், இங்கே பேசுவது அங்கே கேட்கும் என்று இருவருக்கும் சொன்னேன். மகன் தன் அம்மாவுக்குக் கொடுத்த சாமிக்குள் இதை வைத்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில் பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த பெட்டி, டிக் டிக்டிக் டர்ர் என்றது.

சிங்கப்பூரிலிருந்து அவன் கேட்க ஆரம்பித்துவிட்டான். நான் சிம்மைப் பிடுங்க விரலை நீட்டினேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டு, பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, திறந்த பெட்டியிடம் குனிந்தார்.

"டேய். நாளைக்கி காலைல அவ கடைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறா. நானும் கூடப் போறன். எடத்துக்காரனுக்கு நீ ஃபோன் பண்ணு, அங்க நான்தான் ஒக்காந்துக்னு இருப்பன். சாமி ஒக்கார்ற எடத்துல நீ ஏன்டா போயி ஒக்காந்த?"

இரைச்சல் பட்டென்று நின்றது. ஓம் நமசிவாய மட்டும் மெதுவாகக் கேட்டது. நான் சிம்மை எடுத்து அந்தம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

அரிசிப் பானைக்கு வெளியே வைத்த ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. நின்று மறுபடியும் அடித்தது. மருமகள் அதையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்த, எடுக்கட்டுமா?"

"அடிச்சிக்னு கெடக்கட்டும். நீ வெளக்க ஏத்து."