அண்ணாச்சியின் குரலுக்குப் போட்ட கோடுகள்

1. ஊளை

பூதப்பாண்டியில் மதுக்கடையை மூடச் சொல்லி நடந்த கூட்டத்தில் என் செட் ஊளையிட்டது. முப்பத்தெட்டு வருஷமாக மைக் செட் போடுகிறேன், ஊளை எனக்குப் புதிதல்ல. பேச்சாளர் மைக்கைக் கழற்றி ஸ்பீக்கர் பக்கம் நீட்டினால் ஊளையிடும். அன்று மைக்கும் ஸ்பீக்கரும் வைத்த இடத்தில்தான் இருந்தன. தப்பு என் கையில் இருந்தது. பேசுகிறவரின் குரல் ஏறவில்லை என்று மைக் சத்தத்தைக் கூட்டும் கெயின் திருகைக் கூட்டிக் கூட்டி, இனி திருக இடமில்லை என்கிற அளவுக்குக் கொண்டுபோயிருந்தேன்.

பேசிக்கொண்டிருந்தவர் பொன்னையா அண்ணாச்சி. இரண்டு முறை பேரூராட்சித் தலைவராக இருந்தவர். மதுக்கடைக்கு எதிராக எங்கே கூட்டம் என்றாலும் முதல் பெயர் அவருடையதுதான். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை.

எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"கை நடுங்குகத பாத்தியா? கடைய மூடச் சொல்லிட்டு இவரே ஏத்திட்டுல்லா வந்திருக்காரு."

"மொகத்தப் பாரு. ஒரு சிரிப்பு உண்டா? தலைக்கனம் மக்கா."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. குடிகாரன் குரலை நான் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டரில் பார்த்திருக்கிறேன். முள் துள்ளும், விழும், மறுபடி துள்ளும். அண்ணாச்சியின் குரலுக்கு முள் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது. இது குடி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஆபரேட்டருக்கு எதற்கு அரசியல் என்று கேபிளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

2. டேப்

அடிக்கடி பேசுகிறவர்களுக்கு நான் ஒரு வேலை செய்து வைப்பேன். கெயின் திருகுகள் இருக்கிற மிக்ஸர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஆளுக்கொரு மாஸ்கிங் டேப் ஒட்டி, கெயின் எங்கே நின்றால் அவர் குரல் சரியாக இருக்கும் என்று பேனாவால் கோடு போட்டு, தேதியும் எழுதிவிடுவேன். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், ரொம்ப மாறாது. அடுத்த கூட்டத்தில் 'ஹலோ, ஹலோ' என்று நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

மறுநாள் கோட்டாற்றில் என் கடையைத் திறந்து, மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு ஒரு கோடு, மிஞ்சிப்போனால் இரண்டு. அண்ணாச்சியின் டேப்பில் ஏழு கோடுகள். அவர் குரல் இறங்க இறங்க, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டரை வருஷமாக ஏறியிருந்தன. ஏழையும் போட்டவன் நான்தான்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு கூட்டத்தில் அவர் கையிலிருந்த தாள் ஹெட்போனில் சரசரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கீச்சொலிக்கான ட்ரெபிள் திருகைக் குறைத்து அதை அமுக்கினேன். படியேறும்போது இடது கை வீசாமல் தொங்கியது. வாய் குழறியதை ஸ்பீக்கரின் கோளாறு என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றினேன். அவர் உடம்பு சொன்னதை எல்லாம் நான் மறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அதையும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு.

பேசி இறங்கியதும் எல்லாப் பேச்சாளரும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "கேட்டுதா?" எங்கள் பதிலும் ஒன்றுதான்: "கடைசி வரைக்கும் கணீர்னு கேட்டுது." மைக் செட்காரன் வேறு பதில் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு வேறு செட் வரும். அண்ணாச்சிக்கும் இரண்டரை வருஷமாக அதைத்தான் சொல்லிவந்தேன்.

3. மைனியின் காது

மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி இருக்கும். கோடுகளைக் காட்டி, குரல் குறைந்துகொண்டே வருவதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"ஏலே ராசு, எனக்க கொரலு போச்சுன்னு சொல்லுகியா? ஊர்ல குடிகாரன்னு சொல்லுகான், நீ இப்பிடிச் சொல்லுகியே!"

அவர் கத்தினார். முகத்தில் கோபம் வரவில்லை. சத்தமும் வரவில்லை.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் அண்ணி முறை, மைனி என்போம். "என்னங்க? என்னமோ சொன்னியளே, கேக்கல்ல."

"கத்துகேன், கேக்கல்லியா ஒனக்கு?"

மைனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்: "எனக்க செவிக்குத்தான் கோளாறுன்னு நெனச்சு போன மாசம் டாக்டர்ட்ட காட்டினேன் தம்பி. செவி நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு."

அண்ணாச்சி எழுந்து, டாக்டரிடம் போகச் சட்டையை எடுத்து மாட்டினார். பட்டனை மைனிதான் போட்டுவிட்டார்.

நாகர்கோவிலில் நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப்போகச் சிறுத்தது. பார்க்கின்சன் நோய் என்றார். "எப்ப இருந்து?" என்று கேட்டதற்கு நான் மூடியை நீட்டினேன். டாக்டர் தேதிகளைப் படித்துவிட்டு, "அப்பவே வந்திருந்தா இவ்வளவு நாள் கஷ்டப்பட்டிருக்க வேண்டாமே" என்றார்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி என்னிடம் கேட்டார். "கோடு போட்ட நேரத்துல ஒருக்க எங்கிட்ட சொல்லப்பிடாதா மக்கா?"

சொல்லியிருக்க வேண்டும். 

4. கடைசிப் பதில்

மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில், அதே பூதப்பாண்டியில் மறுபடி கூட்டம். மேடையேறியதும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"ராசு, சத்தத்தக் கூட்டாண்டாம். இருக்கது இருக்கட்டும்." பிறகு கூட்டத்திடம் சொன்னார்: "நான் குடிக்கல்ல. இது பார்க்கின்சன்னு ஒரு நோயி. கை நடுங்கும், மொகத்துல சிரிப்பு வராது. அதுக்காக உங்களப் பாத்து எனக்குச் சந்தோசம் இல்லன்னு நெனைக்காதீங்கோ. கேக்காதவிய கொஞ்சம் கிட்ட வாங்கோ."

சிலர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். பலர் எழுந்து போனார்கள். என் கை கெயின் பக்கம் இரண்டு தடவை போனது, இழுத்துக்கொண்டேன்.

இறங்கி வந்து, மிக்ஸர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேட்டுதாலே?"

வாய் வரைக்கும் வந்த பழைய பதிலை விழுங்கினேன்.

"மூணு வரிசைக்குக் கேட்டுது அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். "சரி. அடுத்த மட்டம் கூட்டம் போடும்போ நாற்காலிய அரைவட்டமா போடச் சொல்லு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் குரல் குறைந்தால் கெயினில் கை வைக்கும் முன் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் ஏழு கோடு போட்ட பிறகுதான் சொன்னேன்.