காணாமல் போன புருவம்

நாள் முழுக்கச் சூரியனைப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். ஆனால் அவள் உட்காரும் அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சூரியகாந்தி. விண்வெளியில் இருக்கும் கருவிகள் அனுப்புகிற படங்களைப் பார்த்து, சூரியன் எதையாவது நம் பக்கம் தூக்கி எறிந்திருக்கிறதா என்று அவள் சொல்ல வேண்டும். எறிந்திருந்தால் மின்நிலையங்களுக்கும் விமானக் கம்பெனிகளுக்கும் எச்சரிக்கை போகும்.

கேட்க என்னவோ சுலபம்தான். ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது. ஒரு கேமராவில் சூரியனையே தட்டு வைத்து மறைத்திருப்பார்கள், கண் கூசினால் நாம் கையை வைத்து மறைப்பதைப் போல. அப்போதுதான் சூரியன் தூக்கி எறிந்த மங்கலான வாயு மேகம் தெரியும். நேரே நம்மை நோக்கி வருகிற மேகம் அந்தத் தட்டைச் சுற்றி வளையமாகத் தெரியும். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிற மேகமும் அச்சு அசலாக அதே வளையம்தான்! சூரியனின் முகத்தைப் படமெடுக்கும் இன்னொரு கேமராவில் வெடிப்பு தெரிந்தால் நம் பக்கம், இல்லாவிட்டால் பின்பக்கம் என்பது அங்கே வழக்கமான கணக்கு.

போன வருஷம் இதில்தான் சூரியகாந்தி கோட்டை விட்டாள். பின்பக்கம் போன வளையத்தை, அதே நேரம் முன்பக்கம் மின்னிய ஒரு குட்டி வெடிப்போடு முடிச்சுப் போட்டு, எச்சரிக்கை அனுப்பிவிட்டாள். துருவத்தின் மேலே பறக்கும் விமானங்களுக்கு ரேடியோ கெட்டுப்போகும் என்று சுற்றுவழியில் திருப்பினார்கள். வானமோ பரம சாதுவாக இருந்தது. திருப்பிய விமானங்களில் ஒன்றை ஓட்டியவள் யார்? அவளுடைய சொந்த நாத்தனார்! உயிர்த்தோழியின் கல்யாணத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அவள் அண்ணன், அதாவது சூரியகாந்தியின் புருஷன், கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஞாயிற்றுக்கிழமை துருவ வழி விமானத்தை ஓட்டி வந்ததும் மதியம் நேரே சாப்பிட வருவதாக ஒருவழியாகச் சம்மதித்திருந்தாள்.

அந்த வாரம் பார்த்தா வளையம் வர வேண்டும்?

"வெடிச்சா எகிறுற எக்ஸ்ரே கோட்டைப் பாருங்க, தட்டையா கெடக்குது," என்றார் பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரர். "முன்பக்கம் வெடிப்பே இல்ல. பின்பக்கம்தான். விட்டுத் தள்ளுங்க."

சூரியகாந்திக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிழைத்தது. வேலையை முடித்துவிட்டு, சும்மா ஒரு ஆசைக்குத் தன் புருவத்தைப் பார்க்கப் போனாள். ஒரு வாரமாகச் சூரியன் முகத்தின் நடுவில் நீளமாகக் கிடந்த கருப்பு வாயு இழை அது. பெயர் அவள் வைத்ததுதான். தினமும் வந்ததும் முதலில் அதைத்தான் விசாரிப்பாள்.

புருவத்தைக் காணோம்.

நேற்று இருந்தது. சூரியன் சுழல்கிறதுதான், ஆனால் நடுவில் இருந்தது ஒரே நாளில் ஓரத்துக்குப் போய் ஒளிய முடியாது. பின்னே எங்கே தொலைந்தது? படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். புருவம் மெல்ல மேலெழுந்தது, வளைந்தது, அறுந்தது, போயே போய்விட்டது. ஒரு மின்னல்கூட இல்லை.

"சத்தமே போடாம, வெடிக்காமலே நம்ம பக்கம் கிளம்பிடுச்சு, பாருங்க!"

"அடேயப்பா," என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார் கண்ணாடிக்காரர். "ஆனா நம்ம வளையம் இதுதான்னு உறுதியா சொல்ல முடியுமா?"

"முடியாது."

"போன தடவை பட்டது போதாதா?"

போதும்தான். நாத்தனார் முகம் கண்முன் வந்து நின்றது. பேசாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் புருவம் போன இடம் தெரிந்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது? எச்சரிக்கையை எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

"உனக்கு வேற வாரமே கிடைக்கலியா?" என்றான் புருஷன், அன்று ராத்திரி வீட்டில் விஷயம் தெரிந்ததும்.

"ஏன், நானா கிளப்பிவிட்டேன்?" என்று எரிந்து விழுந்தாள்.

ஞாயிறு மதியம் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் ஃபோன் செய்தார். பூமிக்கு முன்னால் காவல் நிற்கும் கருவியில் சூரியனிலிருந்து வீசும் காற்றின் வேகம் எகிறிவிட்டதாம். "வந்துடுச்சுங்க உங்க புருவம்! துருவத்துப் பக்கம் ரேடியோ எல்லாம் கொரகொரங்குது." அவளுக்குச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம்தான் நாத்தனார் வந்தாள். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நேராகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"சுத்துவழியில திருப்பிட்டாங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டாள் சூரியகாந்தி.

"யாரும் திருப்பல. இந்தத் தடவை விமானி இஷ்டம்னு விட்டுட்டாங்க. போன வருஷம் மாதிரி இதுவும் புஸ்வாணம்தான்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் சுத்திப் போறேன்னு கேட்டு வாங்கினேன்."

"நீயா? ஏன்?"

"அடியில உங்க பேரு இருந்துச்சே அண்ணி. எங்கிட்ட மறுபடி வாங்கிக் கட்டிக்கணும்னு தெரிஞ்சும் அனுப்பியிருக்கீங்கன்னா, விஷயம் இல்லாமயா இருக்கும்?"

சூரியகாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டைச் சூடு பண்ண எழுந்தவளை, நாத்தனார் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அது கெடக்கட்டும். அப்படி என்னதான் பார்த்தீங்க? எனக்கும் காட்டுங்க."