மாமா கிழித்த கரிக்கோடு

அந்த ஊசி வேண்டாம் என்று நான் சொன்னது மாமாவுக்காகவா, என் குற்ற உணர்ச்சிக்காகவா? மூன்று வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் மாமனாரின் வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளை நிழல். அவருக்கு எழுபத்தாறு வயது. புற்றுநோயாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். சளியில் கிருமி இல்லை. முதுகு வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். "நீ படிச்சவ, நீயே முடிவு பண்ணு" என்று கணவர் வேலைக்குப் போய்விட்டார்.

என் காதில் காசநோய் மட்டுமே விழுந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அன்றே மாமாவின் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்தேன். மறுநாள் அவரே தன் கட்டிலைச் சுற்றி அடுப்புக்கரியால் கோடு கிழித்து, "அங்கிட்டு நின்னு பேசணும் தாயி, இது தாத்தா நாடு" என்றார் பேத்தியிடம். அவள் கோட்டில் கால் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்துச் சிரித்தாள்.

ஊசியைப் பற்றிச் சொன்னேன்.

"எம்புட்டுச் சதை எடுப்பாக?"

"மிளகளவு மாமா."

"அதுக்கா நம்ம ஆனையூருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இம்புட்டு நடை? எடுக்கட்டும்." இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "எடுத்தா பிள்ளைய எங்கிட்டக் குடுப்பியாத்தா?"

பிள்ளைக்காகத்தான் சம்மதிக்கிறார் என்று அப்போது புரிந்தது. அடுத்த முறை டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டேன்.

"சளியில கிருமி இல்லம்மா, பிள்ளைக்கு அம்புட்டுப் பயம் வேண்டாம். புற்றுநோய்னாலும் இவர் மூச்சுக்கு ஆப்பரேஷன் தாங்காது. ஊசி குத்துன இடத்துல காத்துக் கசிஞ்சு நுரையீரல் சுருங்கலாம். காசநோய்னா மாத்திரை இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

வேண்டாம் என்றேன். மாமாவிடம் மறுபடி கேட்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தேன்.

"என் நாட்டப் பிடிச்சுட்டா பாரு உங்கம்மா" என்று பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஏழு மாதம் இருந்தார். அவர் மீசையைப் பிடித்துத்தான் அவள் பருப்புச்சோறு தின்றாள். இன்று நன்றாக இருக்கிறாள்; ஆனாலும் அவள் இருமினால் எனக்குத் தூக்கி வாரிப்போடும்.

மாத்திரையில் தீரும் நோயாக இருந்திருந்தால்? ஊசி இல்லாமலே மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா என்று அன்று கேட்கத் தோன்றவில்லையே.

"அந்த ஊசியப் போட்டிருந்தா இன்னும் இருந்திருப்பாகளோ?" என்று கீரை ஆய்ந்தபடி மாமியார் எப்போதாவது கேட்கிறார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் குனிந்து காம்பைக் கிள்ளுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி முடிவெடுத்தவர்கள் இருந்தால், அத்தைக்கு என்ன பதில் சொல்லலாம் என்று எனக்கு எழுதுங்கள்.